வேர்ஹவுஸ் கட்டடம் காப்பாற்றப்பட்டுவிட்டது. அங்கே ஆடியவர்களுக்கு என்ன மிஞ்சியது?

#1 கருந்தட்டு

2023 ஜூன் மாதம் சிகாகோ மாநகர மன்றம் தெற்கு ஜெஃபர்சன் தெருவில் 206ஆம் எண் கட்டடத்தை நகரின் அடையாளச் சின்னமாக அறிவித்தது. பழைய தொழிற்கூடம் ஒன்று, மூன்று மாடி, வெளியிலிருந்து பார்த்தால் நின்று பார்க்கத் தூண்டும் எதுவும் கிடையாது. 1977 முதல் 1982 வரை அங்கே வேர்ஹவுஸ் என்ற இரவு விடுதி நடந்தது. ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைக்குப் பெயர் கொடுத்தது அந்த விடுதிதான். சிகாகோவில் இம்போர்ட்ஸ் எட்செட்ரா என்ற இசைத்தட்டுக் கடை, ‘வேர்ஹவுஸில் ஒலித்தவை’ என்று தட்டுகளைத் தனியே பிரித்து வைத்தது; வாங்க வந்தவர்கள் அதை ‘ஹவுஸ்’ என்று சுருக்கிக் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தச் செய்தியையொட்டி வந்த கட்டுரைகளில் கணிசமானவற்றைப் படித்தேன். ‘மரபு’ என்ற சொல் எல்லாவற்றிலும் இருக்கிறது. நான்கு அடி தாளம், டிரம் மெஷின், இன்றைய நட்சத்திரங்கள்மீது அதன் தாக்கம் எல்லாம் இருக்கிறது. அங்கே யார் போனார்கள், ஏன் போனார்கள் என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. என் ஆதங்கம் இதுதான்.

போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர்கள். அவர்களில் பெரும்பாலோர் தன்பால் ஈர்ப்பாளர்கள். நகரின் வடபகுதியில் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கென்றே இருந்த மதுக்கூடங்கள்கூடக் கறுப்பர்களை வாசலில் நிறுத்தி, ஒன்றுக்கு மூன்று அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பின. வெள்ளையருக்கு அந்தச் சோதனை இல்லை. தம் தெருவில் தன்பால் ஈர்ப்பாளர் என்பதற்காகவும், அந்த மதுக்கூடத்தில் கறுப்பர் என்பதற்காகவும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு சனிக்கிழமை இரவில் போக வேறு இடம் இல்லை.

நியூயார்க்கிலிருந்து வந்த ராபர்ட் வில்லியம்ஸ் அந்த இடத்தைத் திறந்தார். தட்டுகளை ஓட்டும் டிஜேயாக முதலில் லாரி லெவனைத்தான் அழைத்தார். லெவன் நியூயார்க்கில் பாரடைஸ் கராஜ் விடுதியோடு இருக்க விரும்பியதால் அவருடைய நண்பர் ஃபிராங்கி நக்கிள்ஸ் வந்தார். நக்கிள்ஸுக்கு அப்போது 22 வயது. மது விற்பனை இல்லை, பழச்சாறும் தண்ணீரும்தான். சனி இரவு தொடங்கினால் ஞாயிறு நண்பகல் வரை ஆட்டம் போகும்.

கட்டடம் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மரபு என்று நாம் பேசும்போது அந்த மக்களைப் பற்றிப் பேசுகிறோமா, அவர்கள் போன பிறகு உலகம் எடுத்துக்கொண்ட தாளத்தைப் பற்றிப் பேசுகிறோமா? இங்கே இசை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். விரிவாகப் பேசுவோம்.

#2 தாளக்கட்டு

நல்ல இழை. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

வேர்ஹவுஸில் ஹவுஸ் இசை பிறக்கவில்லை. அங்கே ஒலித்தவை பிலடெல்பியாவின் ‘சோல்’ இசை, நியூயார்க்கின் சால்சோல் நிறுவனத் தட்டுகள், ஐரோப்பாவிலிருந்து வந்த மின்னணு டிஸ்கோ. அத்தனையும் வேறு ஊர்களில் செய்த பாட்டு. சிகாகோவில் உருவான முதல் ஹவுஸ் தட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஜெஸ்ஸி சாண்டர்ஸின் ‘ஆன் அண்ட் ஆன்’. அது 1984. நக்கிள்ஸ் வேர்ஹவுஸை விட்டு விலகியது 1982இல். இடையில் இரண்டு ஆண்டுகள்.

பெயர் அங்கிருந்து வந்தது, சரி. இசை வந்தது நக்கிள்ஸ் பின்னர் தொடங்கிய பவர் பிளான்ட்டிலிருந்தும், வில்லியம்ஸ் புதிய இடத்தில் திறந்த மியூசிக் பாக்ஸிலிருந்தும், இளைஞர்களின் படுக்கையறைகளிலிருந்தும். மரபுக்கு உரிமை கோர வேண்டுமானால் மியூசிக் பாக்ஸின் டிஜே ரான் ஹார்டிக்கே முதல் மரியாதை செய்வேன். அவர் பெயரில் எந்தக் கட்டடமும் இல்லை.

#3 கருந்தட்டு

> தாளக்கட்டு எழுதியது: அத்தனையும் வேறு ஊர்களில் செய்த பாட்டு.

பாட்டு வேறு ஊரில் செய்ததுதான். ஆனால் அது நக்கிள்ஸின் கையில் என்ன ஆனது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

1980 வாக்கில் டிஸ்கோ தட்டுகள் வருவதே குறைந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் கைகழுவிவிட்டன. ஞாயிறு நண்பகல் வரை ஆடும் கூட்டத்துக்குப் புதிய பாட்டு வேண்டும், கையில் இருப்பதோ பழைய தட்டுகள். நக்கிள்ஸ் அவற்றை ஸ்பூல் டேப்பில் பதிவு செய்து, நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டினார். பாட்டின் நடுவே இசைக் கருவிகள் ஓய்ந்து தாளம் மட்டும் தனியே ஓடும் பகுதி வரும். அரை நிமிடம்தான் இருக்கும். ஆடுகிறவர்கள் உயிரை விடுவது அந்த அரை நிமிடத்துக்குத்தான். அவர் அதைப் பல நிமிடங்களுக்கு நீட்டினார். குரலை எடுத்துவிட்டார், பேஸைக் கூட்டினார், அடியில் இன்னொரு தாளத்தைச் சேர்த்தார். விளக்குகளை அணைத்துவிட்டு, விரைவு ரயில் ஒன்று அரங்கத்தின் ஊடாகப் பாய்வதுபோல் ரயில் ஓசையை ஓடவிடுவார் என்று அங்கே ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பின்னால் டிரம் மெஷினை வைத்துக்கொண்டு இளைஞர்கள் செய்தது இதையேதான். பாட்டைக் களைந்துவிட்டு, ஆடுகிறவர்கள் கேட்ட பகுதியை மட்டும் எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பகுதி எது என்பதைச் சொல்லிக்கொடுத்தது வேர்ஹவுஸ் கூட்டத்தின் கால்கள். அந்தத் தேர்வில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் என் வாதம்.

#4 புதியவன்

ஐயா, ஒரு சந்தேகம். டிஸ்கோ தட்டுகள் திடீரென்று நின்றுபோனது ஏன்? சந்தை சலித்துவிட்டதா?

#5 மீனலோசனி

தம்பி, சலிப்பும் உண்டு. 1978, 79இல் எல்லாரும் டிஸ்கோ செய்தார்கள், அதில் பாதி குப்பை. ஆனால் வெறும் சலிப்பென்று சொல்லிக் கடந்துவிட முடியாத ஒரு நிகழ்ச்சி அதே சிகாகோவில் நடந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வேர்ஹவுஸைப் புரிந்துகொள்ள முடியாது.

1979 ஜூலை 12. கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். சிகாகோ வைட் சாக்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸ் அணிகள் ஒரே மாலையில் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டும். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோவுக்கு எதிராக ஒரு இயக்கமே நடத்திக்கொண்டிருந்தார். ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட்; சேர்ந்த தட்டுகளை இரு ஆட்டங்களுக்கும் இடையே மைதானத்தின் நடுவில் வெடிவைத்துத் தகர்ப்பார் என்று அறிவித்தார்கள். சுமார் 50,000 பேர் வந்தார்கள். வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்து புல்வெளியைக் கிழித்தார்கள், தீ மூட்டினார்கள். கலவரத் தடுப்புப் போலீஸ் வந்தது. இரண்டாவது ஆட்டத்தை நடத்த முடியாமல் அதை டெட்ராய்டுக்கே வெற்றியாகக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு அந்த மைதானத்தில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துப்போகும் வேலையில் இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ், பதின்வயதுக் கறுப்பின இளைஞர். சிந்தசைசர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். வாசலில் குவிந்த தட்டுகளைப் பார்த்தபோது அவற்றில் பல டிஸ்கோவே இல்லை, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் என்பதைக் கவனித்ததாகப் பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். எரித்தவர்களுக்கு டிஸ்கோ, கறுப்பர் பாட்டு, தன்பால் ஈர்ப்பாளர் பாட்டு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன.

தாளக்கட்டு மேலே குறிப்பிட்ட ‘ஆன் அண்ட் ஆன்’ தட்டை சாண்டர்ஸோடு சேர்ந்து எழுதியவர் இதே வின்ஸ் லாரன்ஸ்தான்.

மைதானத்திலிருந்து சில மைல் வடக்கே, அதே வாரம் சனிக்கிழமையும் வேர்ஹவுஸ் திறந்திருந்தது. தம்மை வெறுத்து எரித்த ஊரில் அந்த மக்கள் அதே தட்டுகளைப் போட்டு விடியும்வரை ஆடினார்கள். ஹவுஸ் என்பது டிஸ்கோவின் பழிவாங்கல் என்று நக்கிள்ஸ் சொன்னதை நான் இந்தப் பின்னணியில்தான் வாசிக்கிறேன். எனக்கு இந்தக் கதையில் வேறு எதையும்விட இதுதான் நெஞ்சை அடைக்கிறது.

#6 தாளக்கட்டு

மீனலோசனி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இயந்திரங்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1983இல் டிஆர்-909 என்ற டிரம் மெஷினை வெளியிட்டது. உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று இசைக்கலைஞர்கள் ஒதுக்கினார்கள். இரண்டு ஆண்டில் உற்பத்தியே நின்றது. ஆனால் அதன் பெரிய மேளத்தின் அடி நெஞ்சுக்கூட்டில் இறங்கும். டெட்ராய்டிலிருந்து வந்த டெரிக் மே தன் 909ஐ நக்கிள்ஸிடம் விற்றார். பவர் பிளான்ட்டில் நக்கிள்ஸ் அதைத் தட்டுகளோடு சேர்த்து நேரடியாக ஓட்டினார். பழைய டிஸ்கோ பாட்டுக்கு அடியில் சலிக்காத, தளராத ஓர் இயந்திரத் தாளம் வந்து சேர்ந்தது.

இன்னொன்று அதே நிறுவனத்தின் டிபி-303. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் பெட்டி என்று விற்றார்கள். பேஸ் கிட்டார் போலத் துளியும் ஒலிக்காது. ஸ்வரங்களை உள்ளிடும் முறையோ தலையைச் சுற்றும். 1984க்குள் கைவிட்டார்கள். அடகுக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் அது மலிவாகக் கிடந்தது. டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்கள் அதை வாங்கி, தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். முனகலாகத் தொடங்கிக் கீச்சிட்டு, நெளிந்து, மறுபடி அடங்கும் ஓர் ஒலி வந்தது. அதை நாடாவில் பதிந்து ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள்.

ஹார்டி மியூசிக் பாக்ஸில் அதைப் போட்டார். தளம் காலியாகிவிட்டது. சிறிது நேரம் கழித்து மறுபடி போட்டார். அதே இரவில் நான்கு முறை. நான்காவது முறை கூட்டம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது என்று பியர் சொல்லியிருக்கிறார். 1987இல் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்று அது தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகை முழுவதும் அங்கிருந்து கிளம்பியது.

ஹார்டி தட்டுகளின் வேகத்தை ஏற்றி ஓட்டுவார். பாட்டைப் பின்னோக்கி ஓடவிடுவார். நக்கிள்ஸிடம் நேர்த்தி இருந்தது. ஹார்டியிடம் வெறி இருந்தது. 1992இல் 33 வயதில் இறந்துபோனார். நான் அவரைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், கட்டடம் ஒன்று சின்னமாகும்போது கட்டடம் இல்லாதவர்கள் மெல்ல மறைந்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

#7 வெள்ளிமணி

டிபி-303 பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். மும்பையின் சரண்ஜித் சிங் 1982இலேயே 303, ரோலண்டின் இன்னொரு டிரம் மெஷினான 808 இரண்டையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்எம்வியில் தட்டு வெளியிட்டாரே. ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வருவதற்கு ஐந்து ஆண்டு முன்னால். 2010இல் அது மறுபதிப்பானபோது உலகமே வியந்தது. முதல் மரியாதை அவருக்கு இல்லையா?

#8 கருந்தட்டு

வெள்ளிமணி, அந்தத் தட்டு ஓர் அதிசயம். பைரவியும் லலித்தும் அந்தப் பெட்டியிலிருந்து வழுக்கி வருவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இந்தித் திரையிசையில் வாசித்துப் பழுத்த ஒரு கலைஞர் தனியாக அமர்ந்து கண்டடைந்தது அது. அப்போது அது விற்கவில்லை, அதைப் பின்பற்றியும் யாரும் எதுவும் செய்யவில்லை. சிகாகோ இளைஞர்கள் அதைக் கேட்டதற்கும் எந்தத் தடயமும் இல்லை.

மும்பையில் இயந்திரம் இருந்தது, மேதையும் இருந்தார். வாராவாரம் வந்து ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று உடம்பால் பதில் சொல்லும் கூட்டம் இல்லை. அந்தக் கூட்டம் என்ன செய்தது என்பதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்ல முயல்கிறேன். இரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி யார் முதல் என்று கேட்பதில் எனக்கு ஆர்வம் இல்லை; இரண்டையும் கொண்டாடுவோம்.

#9 வழக்குரைஞர் செந்தில்

எல்லாரும் ஒலியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காசைப் பற்றிப் பேசுகிறேன். மரபு யாருக்கு என்ற கேள்விக்கு என் தொழிலில் ஒரே பதில்தான்: ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது?

சிகாகோ ஹவுஸ் இசையின் முக்கியமான தட்டுகள் பல ட்ராக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தில் வெளிவந்தன. அதை நடத்திய லாரி ஷெர்மனிடம் தட்டு அச்சிடும் ஆலையே சொந்தமாக இருந்தது. இரவு பதிந்த பாட்டு சில நாள்களில் கடைக்கு வந்துவிடும் என்பது இளைஞர்களுக்குப் பெரிய கவர்ச்சி. பழைய தட்டுகளை உருக்கி மறுபடி அச்சிட்டார்கள் என்பதால் அந்தத் தட்டுகளில் இரைச்சல் அதிகம். சேகரிப்பாளர்கள் இன்றும் புலம்புவார்கள். இரைச்சலை மன்னிக்கலாம். ராயல்டி வரவில்லை என்பதுதான் கலைஞர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் குறை.

லாரி ஹெர்ட் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம் கலைஞராக இருந்தவர். ஒரு சிந்தசைசரும் ஒரு 909உம் வைத்துக்கொண்டு ‘கேன் யூ ஃபீல் இட்’ என்ற பாட்டைச் செய்தார். 1986இல் வந்தது. ஹவுஸ் இசைக்குள் இவ்வளவு ஏக்கமும் ஆழமும் இருக்க முடியும் என்று காட்டிய பாட்டு அது. அதை ஓட்டாத விடுதி உலகில் இருக்காது. அவரும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் தங்கள் படைப்புகளின் உரிமை கேட்டு ட்ராக்ஸ் மீது 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் சமரசம் ஏற்பட்டு உரிமைகள் அவர்களிடம் திரும்பின. 36 ஆண்டுகள்! அதே 2022இல் மார்ஷல் ஜெஃபர்சன், அடோனிஸ் உள்ளிட்ட சுமார் இரண்டு டஜன் கலைஞர்கள் அதே நிறுவனத்தின்மீது வேறொரு வழக்குத் தொடுத்தார்கள்.

ஜெஃபர்சன் அஞ்சலகத்தில் இரவுப் பணி செய்துகொண்டே பாட்டு அமைத்தவர். ‘மூவ் யுவர் பாடி’ பாட்டில் பியானோவைக் கொண்டுவந்தபோது இது ஹவுஸே இல்லை என்றாராம் ஷெர்மன். கடைசியில் அந்தப் பாட்டின் தட்டிலேயே அதை ஹவுஸ் இசையின் கீதம் என்று அச்சிட்டு விற்றார்கள்.

இந்த இளைஞர்களுக்குப் பதிப்புரிமை தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. இருபது வயதில் நூறு, இருநூறு டாலர் ரொக்கமாகக் கையில் வந்தால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள். நம் ஊரிலும் பாட்டுக்காரர்கள் இப்படி ஏமாந்த கதைகள் உண்டு, ஆகவே இது எனக்கு அந்நியமான விஷயமாகத் தெரியவில்லை. கட்டடத்தைச் சின்னமாக்குவதற்கு நகர மன்றம் கை தூக்கினால் போதும். எழுதப்பட்ட ஒப்பந்தத்தை உடைக்க அரை ஆயுள் வேண்டியிருக்கிறது.

#10 மீனலோசனி

செந்தில் சார், இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் மறைந்துபோவதும் ஒரு திருட்டுதான். ‘யுவர் லவ்’ பாட்டை எழுதிப் பாடியவர் ஜேமி பிரின்சிபில். தட்டாக வருவதற்கு முன்பே நக்கிள்ஸ் அதை நாடாவிலிருந்து ஓட்டி ஊரையே ஆட வைத்தார். ட்ராக்ஸ் அதை வெளியிட்டபோது உறையில் முன்னுக்கு நின்றது ஃபிராங்கி நக்கிள்ஸ் பெயர். இன்றும் பலர் அது நக்கிள்ஸின் பாட்டு என்றே நினைக்கிறார்கள்.

அடுத்து இங்கிலாந்து. 1986இல் சிகாகோவின் ஃபார்லி ‘ஜாக்மாஸ்டர்’ ஃபங்கின் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. 1987 ஜனவரியில் ஸ்டீவ் ‘சில்க்’ ஹர்லியின் ‘ஜாக் யுவர் பாடி’ முதலிடம். சொந்த நாட்டு வானொலி பெரிதாகக் கண்டுகொள்ளாத இசை, கடல் தாண்டி உச்சிக்குப் போனது. மான்செஸ்டரின் ஹசியெண்டா விடுதியில் மைக் பிக்கரிங் சிகாகோ தட்டுகளை ஓட்டினார். 1988இல் பிரிட்டன் முழுக்க அது இளைஞர் எழுச்சியாக மாறியது. இதுவரை எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் பின்னர் எழுதப்பட்ட எத்தனை வரலாறுகள் 1988 கோடையில், வெள்ளை இளைஞர்களோடு தொடங்குகின்றன! வேர்ஹவுஸ் அவற்றில் ஒரு பத்தி.

இன்னொரு காரணமும் இருக்கிறது, யாரும் எழுத விரும்பாதது. தங்கள் கதையைத் தாங்களே சொல்லியிருக்க வேண்டியவர்களில் பலர் உயிரோடு இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் எய்ட்ஸ் அந்த ஆடுதளத்திலிருந்து எத்தனையோ பேரை எடுத்துக்கொண்டது. பலன் தரும் மருந்து இல்லை, அரசுக்கு அக்கறை இல்லை, குடும்பங்கள் கைவிட்டன. நினைவு சொல்ல ஆள் இல்லாத இடத்தில் மற்றவர்கள் எழுதியது வரலாறாகிவிட்டது.

#11 புதியவன்

இவ்வளவும் படித்துக்கொண்டிருக்கிறேன். மது இல்லை என்று முதல் பதிவில் சொன்னீர்கள். போதைப்பொருள்?

#12 தாளக்கட்டு

இருந்தது. அதை மறைத்து அந்த இடத்தைப் புனிதமாக்க வேண்டியதில்லை. எல்எஸ்டி போன்றவை அங்கே புழங்கின என்று அங்கே ஆடியவர்களே சொல்லியிருக்கிறார்கள். மது விற்காததற்குக் காரணமும் ஒழுக்கம் மட்டுமில்லை. மதுவுக்கு உரிமம் வேண்டும், உரிமம் இருந்தால் குறித்த நேரத்தில் மூட வேண்டும். பழச்சாறு விற்கும் இடத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சிகாகோ நகரம் எண்பதுகளின் பிற்பகுதியில் அத்தகைய இடங்களையும் நேரக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது, விடியும்வரை ஆடும் அந்தப் பண்பாட்டுக்குப் பலத்த அடி விழுந்தது.

#13 ஏரிக்காற்று

நான் சிகாகோ புறநகரில் வசிக்கிறேன், இந்த இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜெஃபர்சன் தெரு இப்போது அலுவலகமும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த பகுதி. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தக் கட்டடத்துக்கு எதிரே தெருப்பலகையில் நக்கிள்ஸ் பெயர் இருக்கிறது. 2004இல் நகரம் சூட்டிய கௌரவப் பெயர். சுற்றிலும் நிலத்தின் விலை எகிறிக்கிடக்கிறது. கட்டடம் கைமாறியபோது இடித்துவிடுவார்களோ என்று பயந்து பிரிசர்வேஷன் சிகாகோ அமைப்பு குரல் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகுதான் 2023 அறிவிப்பு. கருந்தட்டு அண்ணா, இந்த விஷயத்தில் நான் உங்களைவிடக் கட்டடத்தின் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்கிறேன். இந்த நகரத்தில் காக்கப்பட்டவை பெரும்பாலும் பணக்காரர்களின் மாளிகைகளும் வங்கிகளும் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களின் படைப்புகளும். கறுப்பினத் தன்பால் ஈர்ப்பாளர்கள் ஆடிய சாதாரணக் கட்டடத்துக்கு அதே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது சிறிய காரியம் இல்லை.

நக்கிள்ஸ் 2014 மார்ச் 31 அன்று இறந்தார். அவர் சேர்த்துவைத்த இசைத்தட்டுகள், சுமார் 5,000, தென்பகுதியில் ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க்கில் இருக்கின்றன. 1923இல் கட்டிய வங்கி. பாழடைந்து கிடந்ததை கலைஞர் தியாஸ்டர் கேட்ஸ் ஒரு டாலருக்கு நகரத்திடமிருந்து வாங்கிப் புதுப்பித்தார். உயரமான பழைய மண்டபம், அலமாரிகள், கறுப்பினப் பத்திரிகைகளின் தொகுப்பு, அவற்றோடு அந்தத் தட்டுகள்.

ஆனால் மரபு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் ஜாக்சன் பூங்காவுக்கு அழைத்துப்போவேன். சோசன் ஃபியூ என்ற டிஜே குழு 1990 முதல் கோடையில் அங்கே ஒன்றுகூடல் நடத்துகிறது. ஜெஸ்ஸி சாண்டர்ஸும் அந்தக் குழுவில் ஒருவர். நண்பர்கள் சிலர் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டு பாட்டுப் போட்டதாகத் தொடங்கியது, இன்று பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். காலையிலேயே கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நம் ஊர்க் குலதெய்வக் கோயில் பொங்கலைப் போலக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் என் மகளுக்கு அடி எப்படி எடுத்துவைப்பது என்று கற்றுக்கொடுத்தார். எண்பதுகளில் மியூசிக் பாக்ஸில் ஆடியவராம். எங்களிடம் யாரும் எந்த ஊர், எந்த நாடு என்று கேட்கவில்லை. தட்டில் சோறு வைத்துக் கொடுத்தார்கள்.

#14 தாளக்கட்டு

ஏரிக்காற்று, அருமையான பதிவு. கட்டடம் குறித்து எனக்கு இருந்த ஐயம் முழுக்கத் தீரவில்லை என்றாலும், ஹசியெண்டாவோடு ஒப்பிடும்போது உங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. மான்செஸ்டரில் 1982இல் திறந்து 1997இல் மூடிய அந்த விடுதியை 2002இல் இடித்தார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. வீடுகளுக்கு விடுதியின் பெயரையே வைத்து விற்றார்கள். பெயர் மட்டும் பிழைத்து இடம் விலைபோவதைவிட, இடம் பிழைத்தது மேல்.

ஆனாலும் நகர மன்றத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கலாம்: மியூசிக் பாக்ஸும் பவர் பிளான்ட்டும் இருந்த இடங்களில் குறைந்தபட்சம் ஒரு பெயர்ப்பலகை.

#15 வழக்குரைஞர் செந்தில்

அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுகிறேன். பலகையில் பாட்டு எழுதியவர்களின் பெயர்களும் இருக்க வேண்டும்.

#16 புதியவன்

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? ஹவுஸ் என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பது கடலாக இருக்கிறது.

#17 கருந்தட்டு

தம்பி, காலவரிசையில் போகாதே. முதலில் லாரி ஹெர்ட்டின் ‘கேன் யூ ஃபீல் இட்’. பேச்சுக் குரல் சேர்த்த பதிப்பும் உண்டு. முதலில் குரலில்லாத பதிப்பைக் கேள். இரவில், நல்ல ஒலிபெருக்கியில் கேள், கைப்பேசியில் வேண்டாம்; பேஸ் கேட்காவிட்டால் பாட்டின் பாதி போய்விடும். அடுத்து ஜேமி பிரின்சிபிலின் ‘யுவர் லவ்’. அதன் பிறகு ‘மூவ் யுவர் பாடி’; அந்தப் பியானோ தொடங்கும் இடத்தில் உனக்கே எழுந்து நிற்கத் தோன்றும். ‘ஆசிட் ட்ராக்ஸ்’ பதினொரு நிமிடத்துக்கு மேல் போகும், நடுவில் நிறுத்தாதே. ஹார்டியின் கூட்டத்துக்கே நான்கு முறை தேவைப்பட்டது.

இவற்றுக்குப் பிறகு பின்னோக்கிப் போ. சால்சோல், பிலடெல்பியா இன்டர்நேஷனல் நிறுவனங்களின் எழுபதுகளின் தட்டுகள். அவற்றைக் கேட்கும்போது நக்கிள்ஸ் எந்த இடத்தில் பிளேடை வைத்திருப்பார் என்பது உனக்கே தெரியத் தொடங்கும்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் கலைஞரே நடத்தும் பக்கத்திலோ, உரிமை அவரிடம் திரும்பிய பதிப்பிலோ வாங்கு. பழைய தொகுப்புத் தட்டை எடுக்கும் முன் உறையின் பின்புறத்தில் உரிமை யாருடையது என்று பார்த்துவிடு. சந்தேகம் இருந்தால் இங்கேயே கேள்; செந்தில் பார்த்துச் சொல்வார்.

#18 வழக்குரைஞர் செந்தில்

கட்டாயம் சொல்கிறேன். உறையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள் தம்பி. ஒரே பாட்டுக்கு மூன்று, நான்கு நிறுவனங்களின் பதிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.